‘பாட்டில் ஷாக்’: ஒயின் செய்தவரை விட்டுவிட்ட படம்

ஒயின் தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள ஆசை, நண்பர்கள் ‘பாட்டில் ஷாக்’ படத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், படம் எப்படி, அதில் வருவதெல்லாம் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை பார்க்கலாம். உங்களுக்குப் பதில் எழுதுவதற்காக நான் இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறை பார்த்துவிட்டு எந்த மனநிலையில் எழுந்தேனோ அதே மனநிலையில்தான் இப்போதும் எழுந்தேன். பிடிக்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை; பிடித்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் ஓர் ஒயின் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறுவடைக் காலம் வேலை பார்த்தவன் நான். அங்கே பீப்பாய் கழுவுகிறவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். நம் ஊரில் கிரிக்கெட் ரசிகர்கள் 1983 உலகக் கோப்பையைப் பற்றிப் பேசுவதுபோல அவர்கள் 1976ஐப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதோடு படத்தைப் பார்த்ததால்தான் எனக்கு இத்தனை மனக்குறை.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்தார். கூடவே ஒயினைச் சுவைத்துப் பழகச் சொல்லித்தரும் ஒரு பள்ளியையும் நடத்தினார். அவரோடு வேலை பார்த்த பட்ரீசியா காலகர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டை ஒட்டிக் கலிபோர்னியா ஒயின்களைப் பாரிஸுக்கு அறிமுகப்படுத்தலாம் என்று யோசனை சொன்னார். 1976 மே 24 அன்று பாரிஸில் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். பாட்டில்களில் பெயர் தெரியாது. ஷார்டனே திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் பத்து: ஆறு கலிபோர்னியா, நான்கு பிரான்ஸின் பர்கண்டி பகுதி. காபர்னே என்ற திராட்சையை முக்கியமாகக் கொண்ட சிவப்பு ஒயினும் பத்து: ஆறு கலிபோர்னியா, நான்கு பிரான்ஸின் போர்தோ பகுதி. ஒவ்வொன்றுக்கும் 20க்கு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் வெள்ளையில் ‘ஷாத்தோ மான்டலீனா’ என்ற கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு ஆலை 1973ஆம் வருட அறுவடையில் செய்த ஷார்டனே முதலிடம். சிவப்பில் அதே நாபாவின் ‘ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ்’ ஆலையின் 1973 காபர்னே முதலிடம். பத்திரிகைக்காரர்களுக்கு அழைப்பு போயிருந்தும் வந்தவர் ‘டைம்’ இதழின் ஜார்ஜ் டேபர் ஒருவர்தான். ஜூன் 7 தேதியிட்ட இதழில் அவர் எழுதிய சிறு செய்திதான் விஷயத்தை உலகத்துக்குச் சொன்னது.

படம் 2008இல் வந்தது. இயக்கியவர் ராண்டல் மில்லர். இந்த இரண்டு வெற்றிகளில் வெள்ளை ஒயினின் வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மான்டலீனாவின் உரிமையாளர் ஜிம் பாரெட்டுக்கும் அவருடைய மகன் போவுக்கும் இடையிலான தகப்பன்–மகன் கதையாக மாற்றியிருக்கிறது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஒயினில் பணத்தைக் கொட்டிக் கடனில் தவிக்கும் பிடிவாதக்காரத் தந்தையாக பில் புல்மன். நீளமுடியோடு பொறுப்பில்லாமல் திரியும் மகனாக கிறிஸ் பைன். பாரிஸிலிருந்து வரும் ஸ்பரியராக ஆலன் ரிக்மன்.

ரிக்மனைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தை ஒருமுறையாவது பார்க்கலாம் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் அவர்தான். கோட்டும் டையுமாக வெயிலில் வியர்த்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த சின்னக் காரில் ஆலை ஆலையாகப் போகிறார். ஒவ்வோர் இடத்திலும் கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோகும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். ‘இதில் என்ன இருந்துவிடப் போகிறது’ என்ற அலட்சியம் முதலில் தெரிகிறது. ஒரு மடக்கு உள்ளே போனதும் புருவம் மட்டும் அசைகிறது. பிறகு கோப்பையை இன்னொரு முறை பார்க்கிறார். வசனம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதனின் முன்முடிவு கரைவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்ட எல்லா நடிகராலும் முடியாது. வறுத்த கோழியையும் அவகாடோ மசியலையும் அவர் முதல்முறை ருசி பார்க்கும் இடங்களும் அப்படித்தான். ஒரு நல்ல நாக்கு புதியதைச் சந்திக்கும்போது என்ன செய்யும் என்பதை அவர் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார்.

ஆனால் உண்மையான ஸ்பரியருக்கு அப்போது வயது 34. ரிக்மன் அறுபதைத் தாண்டியவர். கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கர்வம் பிடித்த கிழவராகப் படம் காட்டும் ஆள், நிஜத்தில் சுறுசுறுப்பான இளைஞர். வகுப்புகளும் வாடிக்கையாளர்களுமாக இருந்தவர். ஸ்பரியர் இந்தச் சித்திரத்தை வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் 2021இல் காலமானார். யோசனையைத் தொடங்கிவைத்த பட்ரீசியா காலகர் படத்தில் இல்லவே இல்லை. அவருக்குப் பதிலாக, கடைக்கு வந்து இலவசமாகக் குடித்துக்கொண்டே அறிவுரை சொல்லும் மொரீஸ் என்ற ஒரு கற்பனை அமெரிக்கர் இருக்கிறார். டென்னிஸ் ஃபரீனா அந்தப் பாத்திரத்தைக் கலகலப்பாகச் செய்திருக்கிறார் என்பது வேறு விஷயம். ஒரு பெண்ணின் உழைப்பைத் தூக்கி ஓர் இல்லாத ஆணிடம் கொடுத்தது எனக்கு உறுத்தியது. அதே கையோடு, காதல் முக்கோணத்துக்காக சாம் என்ற பயிற்சி மாணவியைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறார்கள். இருந்த பெண்ணை எடுத்துவிட்டு இல்லாத பெண்ணை வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கூட சினிமாவில் நடப்பதுதான் என்று விட்டுவிடலாம். என்னால் விடமுடியாதது ஒன்று இருக்கிறது. அந்த 1973 ஷார்டனேயைச் செய்தவர் ஜிம் பாரெட் இல்லை, போவும் இல்லை. மைக் கர்கிச்.

இந்தப் பெயரைப் படத்தில் நீங்கள் கேட்க மாட்டீர்கள். குரோஷியாவின் டல்மேஷியா பகுதியில் டெஸ்னே என்ற கிராமத்தில் 1923இல் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டிலேயே ஒயின் செய்யும் குடும்பம். ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1954இல் கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியாவை விட்டு வெளியேறினார். ஜெர்மனி, கனடா வழியாக 1958இல் நாபாவுக்கு வந்து சேர்ந்தார். வந்தபோது கையில் இருந்தது ஓர் அட்டைப் பெட்டி போன்ற சூட்கேஸ். பிறகு பதினான்கு வருடம் பல ஆலைகளில் கூலிக்கு வேலை. பியூலியூ ஆலையில் ஆந்த்ரே செலிஸ்செஃப் என்ற மேதையிடம் ஒன்பது வருடம் இருந்து தரக்கட்டுப்பாட்டைக் கற்றார். அதன் பிறகு ராபர்ட் மொண்டாவியிடம். 1972இல்தான் மான்டலீனாவின் ஒயின் தயாரிப்பாளராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 49.

அந்த ஆலை ஷார்டனே செய்ததற்கே காரணம் பணம்தான். காபர்னே சிவப்பு ஒயின் என்றால் பீப்பாயிலும் பாட்டிலிலுமாக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தோட்டத்திலோ பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டியிருந்தது. காபர்னே கைக்கு வரும்வரை ஆலை உயிரோடு இருக்க வேண்டும் என்றால், சீக்கிரம் விற்கக்கூடிய வெள்ளை ஒயின் வேண்டும். அதற்குத் திராட்சையை வெளியில் வாங்கினார்கள். படத்தில் கல்கோட்டை போன்ற ஆலைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள தோட்டத்தை மேலிருந்து காட்டிக் காட்டி, அந்த மண்ணிலிருந்துதான் இந்த ஒயின் வந்தது என்று நினைக்க வைக்கிறார்கள். உண்மையில் அந்த ஷார்டனேயில் பெரும்பகுதி பக்கத்து மாவட்டமான சோனோமாவின் திராட்சை. ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கில் பச்சிகலூபி குடும்பத்தின் தோட்டத்திலிருந்து வந்த பழமும் அதில் அடக்கம். சோனோமாக்காரர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு சூடு ஏறும். அதற்கு இதுதான் காரணம். நான் வேலை பார்த்த ஆலையில் பீப்பாய்களைக் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர், “பழம் எங்களுடையது, கை அவருடையது, பெயர் இன்னொருவருக்கு” என்பார்.

‘கை’ என்று அவர் சொன்னதை நம் மொழியில் கைப்பக்குவம் என்று சொல்லலாம். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கல். ஆனாலும் ஒரு வீட்டு இட்லி பூவாக இருக்கும், இன்னொரு வீட்டு இட்லி களியாக இருக்கும். ஒயினில் அந்தப் பக்குவம் நூறு சின்னச் சின்ன முடிவுகளில் இருக்கிறது. பழத்தை என்றைக்குப் பறிப்பது? ஷார்டனேயில் சர்க்கரை 23 பிரிக்ஸ் (எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பங்கு) அளவுக்கு வந்தால் ஏறக்குறைய 13 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஆனால் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கிக்கொண்டே போகும். ஒரு நாள் பொறுத்தால் மணம் கூடலாம். அதே ஒரு நாளில் புளிப்பு போய்விடவும் கூடும். பிழிந்த சாற்றை எவ்வளவு குளிரில் நொதிக்க விடுவது? கர்கிச் குளிரவைத்த எஃகுத் தொட்டியில் மெதுவாக, வாரக்கணக்கில் நொதிக்க விட்டார். வேகமாக நொதித்தால் கரியமில வாயு கிளம்பும்போது பழத்தின் வாசனையையும் கூடவே அள்ளிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு ஓக் பீப்பாயில் எத்தனை மாதம்? மரத்தின் வாசனை பழத்தை மூடிவிடக் கூடாது.

இன்னொரு முக்கியமான முடிவும் உண்டு. திராட்சையில் இருக்கும் மாலிக் அமிலம் பச்சை ஆப்பிளின் புளிப்பு, நறுக்கென்று இருக்கும். ஒருவகைப் பாக்டீரியா அதைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றும். மாற்றினால் ஒயின் வழவழப்பாகும், வெண்ணெய் வாசனை வரும். பர்கண்டியில் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். கர்கிச் மான்டலீனா ஷார்டனேயில் அதைச் செய்யவில்லை. அந்த நறுக்கென்ற புளிப்பை அப்படியே விட்டார். பர்கண்டியைக் குடித்துப் பழகிய பாரிஸ் நிபுணர்கள், பர்கண்டிக்காரர்கள் செய்வதைச் செய்யாத ஓர் ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் பிடித்த இடம் இது. ஒயின் தயாரிப்பைப் பற்றிய படம் என்று சொல்லிக்கொள்ளும் படத்தில் இதற்கு அரை நிமிடம்கூட இல்லை.

அதற்குப் பதிலாகப் படம் பிடித்துக்கொண்டது நிறமாற்றத்தை. பாட்டிலில் அடைத்த ஷார்டனே திடீரென்று பழுப்பாகிவிடுகிறது. ஜிம் மனமுடைந்து எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். டேவிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இது தானாகவே சரியாகிவிடக்கூடிய நிறமாற்றம் என்று விளக்குகிறார். கடைசி நேரத்தில் பார்த்தால் ஒயின் தங்க நிறத்தில் மின்னுகிறது. அழுகை, சிரிப்பு, இசை.

இதில் அடிப்படை இல்லாமல் இல்லை. என் முதல் அறுவடையின் இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணி. பிழிகருவியிலிருந்து ஒரு பீக்கரில் ஷார்டனே சாறு பிடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன். இளம் பச்சை நிறம், கொஞ்சம் கலங்கல்; இளநீரில் எலுமிச்சை பிழிந்ததுபோல. புளிப்பு அளவெடுக்கும் கருவியைத் தயார் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். சாறு பாலில்லாத தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. இருபது நிமிடம் ஆகியிருக்காது. நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று கை நடுங்கியது. பீக்கரை எடுத்துக்கொண்டு பீப்பாய்க் கிடங்கிலிருந்த அந்தப் பெரியவரிடம் ஓடினேன். அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். “வாழைப்பழத்தை நறுக்கிவைத்தால் கறுக்காதா? அதுதான் இது. ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்கட்டும், பார்” என்றார். அந்தச் சாற்றைத் தனியாக ஒரு கண்ணாடிக் குடுவையில் நொதிக்க விட்டார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பழுப்பெல்லாம் வண்டலோடு அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்த மஞ்சள். அந்தக் குடுவையை அவர் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

திராட்சைச் சாற்றில் பாலிஃபீனால்கள் என்ற பொருள்கள் உண்டு. பழத்தில் இருக்கும் ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அவற்றைப் பழுப்பு நிறப் பொருள்களாக மாற்றும். கந்தக டை ஆக்சைடைச் சிறிதளவு சேர்த்தால் நொதி அடங்கிவிடும். அதனால்தான் பிழிந்ததும் பெரும்பாலோர் அதைச் சேர்க்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. காற்றே படாமல் மிகுந்த கவனத்தோடு செய்த வெள்ளை ஒயின், பாட்டிலில் அடைக்கும்போது முதன்முதலாகக் காற்றைச் சந்தித்ததும் இளஞ்சிவப்பாக மாறுவது உண்டு. நாள் போகப் போக, அல்லது வெளிச்சம் பட, அது மங்கிவிடும். ஆகவே படம் காட்டுவது முழுக் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் வேதியியலை அற்புதமாக மாற்றிவிட்டது. குப்பைக்குப் போகவிருந்த ஒயினை விதி காப்பாற்றியது என்ற எண்ணத்தோடு நீங்கள் திரையரங்கை விட்டு வெளியே வருவீர்கள். தெளிவை மட்டும் இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றி, ஒவ்வொரு பீப்பாயையும் ருசி பார்த்து, எது எதோடு சேரும் என்று கணக்குப் போட்டு ஒரு மனிதன் செய்த வேலை கண்ணில் படாமலே போய்விடும். ஜிம் திரும்பத் திரும்ப இறுத்து மாற்றச் சொல்லி அடம்பிடிப்பது ஓரிரு இடங்களில் வருகிறது. அதுவும் அவருடைய பிடிவாதத்தைக் காட்டத்தான் வருகிறது. வண்டல் அடியில் கிடந்தால் ஒயினுக்கு என்ன ஆகும், ஏன் இறுத்து மாற்ற வேண்டும் என்பதைப் படம் சொல்வதில்லை.

தலைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒயின் தொழிலில் ‘பாட்டில் ஷாக்’ என்பது நிறமாற்றத்துக்கான பெயர் கிடையாது. பாட்டிலில் அடைத்தவுடனோ நெடுந்தூரம் கொண்டுபோனாலோ ஒயினின் மணமும் சுவையும் சில நாட்களுக்கு மந்தமாகிவிடும். அசையாமல் வைத்திருந்தால் திரும்பி வரும். அதைத்தான் அப்படிச் சொல்வோம். கலிபோர்னியா பாட்டில்கள் விமானத்தில் பாரிஸ் வரை போன கதைக்கு இந்தத் தலைப்பு அழகாகப் பொருந்தும்.

அந்த விமானப் பயணத்தைப் படம் ஓரளவு நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது. பயணிகள் ஆளுக்கு ஒரு பாட்டிலாக எடுத்துக்கொண்டு போக ஒப்புக்கொள்ளும் காட்சி மனத்தைத் தொடும். நிஜத்தில் அந்தப் பாட்டில்களைச் சுமந்தது, செலிஸ்செஃபின் தலைமையில் பிரான்ஸ் ஒயின் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்ட கலிபோர்னியா ஒயின்காரர்களின் சுற்றுலாக் குழு. ஜிம் பாரெட் அந்தக் குழுவில் இருந்தார். போட்டி முடிந்தபோது அவர் போர்தோ பக்கம் ஷாத்தோ லாஸ்கோம் என்ற இடத்தில் மதிய விருந்தில் இருந்தார். டேபர் தொலைபேசியில் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். “பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்கு இது மோசமில்லை” என்ற பொருளில் பாரெட் சொன்ன பதில் ‘டைம்’ இதழில் வந்தது. படத்திலோ மகன் போ பாரிஸுக்குப் போகிறார்; தந்தை ஊரில் இருக்கிறார். உண்மையில் போ அங்கே போகவே இல்லை.

ருசி பார்க்கும் காட்சிக்கு வருவோம். படம் அதை வெயிலடிக்கும் ஒரு கிராமத்து மாளிகை முற்றத்தில் வைத்திருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் உண்மையில் நடந்தது இதைவிட எவ்வளவோ சுவையானது. வெள்ளை ஒயின்களைச் சுவைத்து முடித்ததும் பரிசாரகர்கள் மேசையை ஒழுங்குபண்ண நேரமெடுத்தார்கள். கடைசியில் மொத்தமாக அறிவிக்கலாம் என்றிருந்த ஸ்பரியர், அந்த இடைவெளியில் வெள்ளையின் முடிவை வாசித்துவிட்டார். 132 மதிப்பெண்ணோடு மான்டலீனா முதலிடம், 126.5 பெற்ற ரூலோவின் மெர்ஸோ-ஷார்ம் என்ற பர்கண்டி இரண்டாமிடம். நிபுணர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனிச் சிவப்பில் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தோடு அடுத்த சுற்றுக்கு உட்கார்ந்தார்கள். அவ்வளவு உஷாராக இருந்தும் சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 127.5, போர்தோவின் 1970ஆம் வருட ஷாத்தோ மூட்டோன் ரோத்ஷில்ட் 126! ஒன்றரை மதிப்பெண் வித்தியாசம். ஒரு திரைக்கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த இரண்டாம் சுற்றின் பதைபதைப்பு படத்தில் இல்லை. வாரன் வினியார்ஸ்கி செய்த அந்தச் சிவப்பு ஒயினின் வெற்றி ஓரத்துக்குப் போய்விட்டது.

நிபுணர்கள் யார் யார் என்பதும் கதையின் கனத்தைக் கூட்டும் விஷயம். பர்கண்டியின் புகழ்பெற்ற ரொமானே-கோன்டி தோட்டத்தின் ஓபேர் த வில்லேன், பாரிஸின் ‘தாயேவான்’ உணவகத்தின் ஷான்-குளோத் விரினா, ‘க்ராண்ட் வெஃபூர்’ உணவகத்தின் ரேமோன் ஒலிவேர், பிரெஞ்சு ஒயின் இதழின் ஆசிரியர் ஓடெட் கான் எல்லோரும் அந்த வரிசையில் இருந்தார்கள். ஒலிவேர் ஒரு வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு “அப்பாடா, மறுபடியும் பிரான்ஸ்!” என்று மகிழ்ந்தார், அது நாபா ஒயின். இன்னொருவர் ஒரு கோப்பையை முகர்ந்து, மணமே இல்லை, இது கலிபோர்னியாதான் என்று அடித்துச் சொன்னார். அது பதார்-மோன்ராஷே என்ற உயர்ந்த பர்கண்டி. டேபரிடம் எந்தக் கோப்பையில் எது என்ற பட்டியல் இருந்ததால் அவர் அங்கேயே இதைக் குறித்துக்கொண்டார். முடிவு தெரிந்ததும் ஓடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்க மறுத்தார். இவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டிலின் பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய நாக்கும் தடுமாறும் என்பதை அந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். படம் அவர்களைப் பொம்மைகளாக்கி உட்காரவைத்ததுதான் வருத்தம். தோற்றவர்களின் தகுதி தெரிந்தால்தானே வென்றதின் மதிப்பு தெரியும்?

30 வருடம் கழித்து, 2006 மே 24 அன்று, அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் மறுபடி சுவைத்தார்கள். கலிபோர்னியா ஒயின் இளமையில்தான் நன்றாக இருக்கும், முதுமை தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று வாயடைத்துப்போனார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு. 1976இல் ஐந்தாமிடத்தில் இருந்த, 1971ஆம் வருட ‘ரிட்ஜ் மான்டே பெல்லோ’ முதலிடத்துக்கு வந்தது.

படத்தில் எனக்கு மனதாரப் பிடித்த பாத்திரம் ஒன்று உண்டு: குஸ்தாவோ. ஃப்ரெடி ரோட்ரிகஸ் நடித்திருக்கிறார். தோட்டத் தொழிலாளியின் மகன். மதுக்கூடத்தில் பந்தயம் கட்டி, கோப்பையை முகர்ந்தே எந்த ஒயின், எந்த வருடம் என்று சொல்கிறார். ரகசியமாகத் தனக்கென்று ஓர் ஒயினும் செய்துகொண்டிருக்கிறார். நகத்துக்குள் மண் ஏறி வளர்ந்தவனுக்குத்தான் இது புரியும் என்ற பொருளில் அவர் வெடிக்கும் இடம் படத்திலேயே உயிருள்ள இடம். நாபாவின் கொடிகளைக் கவாத்து செய்து, பழம் பறித்து, கூடை சுமக்கும் கைகளில் பெரும்பாலானவை மெக்சிகோவிலிருந்து வந்த கைகள். விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வரிசைக்கு வரிசை ஓட்டமும் நடையுமாக அவர்கள் பறிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்புக்குத் திரையில் ஒரு முகம் கொடுத்ததற்காகவே இந்தப் படத்துக்கு நன்றி சொல்வேன்.

ஆனால் இங்கேயும் கர்கிச் இல்லாத குறை வந்து நிற்கிறது. உண்மையான குஸ்தாவோ பிரம்பிலா டேவிஸில் நொதித்தல் அறிவியல் படித்துவிட்டு மான்டலீனாவில் சேர்ந்தது 1976இல். 1973 ஷார்டனே அதற்கு முன்பே பாட்டிலுக்குப் போய்விட்டது. அவர் கற்றது கர்கிச்சிடம். கர்கிச் அடுத்த வருடம் வெளியேறித் தன் சொந்த ஆலையைத் தொடங்கியபோது பிரம்பிலாவும் அவரோடு போய் வருடக்கணக்கில் வேலை பார்த்தார். குரோஷியாவிலிருந்து வந்த ஓர் ஆசான், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மாணவன்; இருவரும் ஒரு பீப்பாயின் முன் நின்று, ஒரே கோப்பையை மாற்றி மாற்றி முகர்ந்து, உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று கற்பனை செய்து பாருங்கள். நான் பார்க்க ஆசைப்பட்ட படம் அது. கையருகே இருந்த அந்தக் கதையை விட்டுவிட்டு, கோபம் வந்தால் தோட்டத்தில் குத்துச்சண்டை போடும் அப்பனையும் பிள்ளையையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புல்மன் அந்தத் தந்தையை உண்மையாகவே உணர்ந்து நடித்திருக்கிறார். பைனின் பொய்முடிதான் நடிப்பைப் பார்க்கவிடாமல் கண்ணை உறுத்துகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: ரிக்மனுக்காகவும், குஸ்தாவோவுக்காகவும், அந்திவெயிலில் அந்தப் பள்ளத்தாக்கு மின்னும் அழகுக்காகவும் பாருங்கள். படப்பிடிப்பு நாபாவிலும் சோனோமாவிலுமே நடந்ததால் அந்த மண்ணின் வெளிச்சம் பொய் சொல்லவில்லை. ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இது உதவாது. அதற்கு எந்த நாட்டிலாவது அறுவடை நேரத்தில் ஓர் ஆலையின் வாசலில் அரைநாள் நிற்பது மேல். 1976இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள விரும்பினால் ஜார்ஜ் டேபர் பின்னாளில் எழுதிய புத்தகம் இருக்கிறது. அந்த அறையில் இருந்தவர் எழுதியது.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த 1973 மான்டலீனா ஷார்டனே பாட்டில் ஒன்று இருக்கிறது. கர்கிச் கொண்டுவந்த சூட்கேஸும் அதே அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் 2023 டிசம்பரில், நூறு வயது நிறைந்து காலமானார். பாரிஸிலிருந்து வெற்றிச் செய்தி வந்த அன்று அவர் மான்டலீனா இருக்கும் காலிஸ்டோகா ஊரில், ஆலைக்குள்ளேதான் இருந்தார். போட்டி நடக்கிறது என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. விஷயம் புரிந்ததும் பீப்பாய்களுக்கு நடுவே குரோஷிய மொழியில் பாடிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதும், அந்த ஆட்டம் எங்காவது ஒரு மூலையிலாவது வந்துவிடாதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.